கால் வீக்கத்துக்கு ஒரு காலண்டர்

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, கால் வீங்க ஆரம்பித்து இது ஆறாவது வருசம். வயது 78. காங்கேயத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்துச் சாளையில் இருக்கிறார். சிறுவயதில் வந்துபோன மூட்டுக்காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவைத்திருந்தது யாருக்கும் தெரியாது. கிணற்றடியிலிருந்து கட்டுத்தரைக்கு நடப்பதற்குள் மூச்சு இளைத்து, நாடி தாறுமாறாக ஓடி, சாயங்காலமானால் கணுக்கால் மூடிப்போகிற அளவுக்கு வீங்கியபோதுதான் தெரிந்தது. இதைத் தீர்க்க முடியாது, கட்டி மேய்க்கத்தான் முடியும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

எப்படிக் கட்டி மேய்க்கிறோம் என்பதை, வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டி.ஃபார்ம் படித்துவிட்டு இருபது வருசமாக மருந்துக்கடை வைத்திருக்கிறவள். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. கூட்டவோ குறைக்கவோ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கண்டுபிடிப்பது வீட்டில் இருப்பவர் வேலை. இந்த இரண்டாவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் 1785-இல் புத்தகம் எழுதிய ஓர் இங்கிலாந்து டாக்டர். அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் அஜாக்கிரதைதான்.

மூன்று வருசத்துக்கு முன்னால், தை நோம்பி முடிந்த சமயம். மாமா திருப்பூரிலிருந்து வரும்போது சீட்டைக் காட்டி ஒரு மாத மாத்திரை வாங்கி வந்திருந்தார். என் கடையிலிருந்து போனதும் டப்பாவில் இருந்தது. இரண்டும் இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின்தான். கம்பெனி வேறு, பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. மகன் வாங்கி வந்தது புது மருந்து போலிருக்கிறது என்று அமுச்சி இரண்டையும் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு வாரத்தில் “பசியே இல்ல கண்ணு” என்றார். நோம்பிப் பலகாரம் செரிக்கவில்லை என்று நினைத்து, கடையிலிருந்து அசிடிட்டி மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் குமட்டல், வாந்தி. அப்புறம் ஒரு காலை, திண்ணையில் உட்கார்ந்தபடி, “ஏங்கண்ணு, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மஞ்சளாத் தெரியுது?” என்று கேட்டார். கண்புரையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து நாடி பார்த்தேன். 44.

கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். மருந்தை நிறுத்தி, ரத்தம் எடுத்து, நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். முதல் இரவு வராந்தாவில் உட்கார்ந்து போனில் “மஞ்சளாகத் தெரிவது” என்று தேடப் போய்த்தான் வில்லியம் விதரிங் கிடைத்தார். அவர் புத்தகம் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. அவர் எழுதியது ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியைப் பற்றி, டிஜாக்சின் வருவது அந்தக் குலத்திலிருந்துதான். இந்தச் செடிக்கு எங்கள் பாடத்திலும் இடம் உண்டு. இலையை 60 டிகிரிக்கு மேல் சூடு படாமல் உலர்த்த வேண்டும், அதன் மருந்துச் சத்தைக் கண்டுபிடிக்கும் கெல்லர்-கில்லியானி சோதனைக்கு என்ன நிறம் வரும், எல்லாம் மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். மஞ்சள் சுவர் மட்டும் என் மனதில் பதிந்திருக்கவில்லை.

விதரிங் 1741-இல் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர், பர்மிங்காமில் வைத்தியம் பார்த்தவர். 1775-இல் அவரிடம் ஒரு குடும்பக் கைமருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி, உடம்பில் நீர் கோத்தவர்களுக்குக் கொடுத்துவந்த ரகசிய மருந்து அது. படித்த வைத்தியர்கள் கைவிட்ட சிலர்கூட அதில் எழுந்து நடந்திருக்கிறார்கள். இருபதோ அதற்கு மேலோ மூலிகை சேர்ந்த கலவை. விதரிங் செடிகொடி தெரிந்தவர். பிரிட்டனின் செடிகளைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். அத்தனை தழையில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் ஒன்றுதான் என்று கண்டுகொண்டார். அந்தக் கிழவியின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. நம் ஊரில் மருந்து அரைத்துக் கொடுத்த எத்தனையோ கிழவிகளின் பெயர் போன வழியிலேயே அதுவும் போயிற்று.

பத்து வருசம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் புத்தகம் போட்டார். அப்போது நம் கொங்கு நாடு திப்பு சுல்தான் கையில் இருந்தது. பிழைத்தவர்களை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால் மருந்துக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும், ஆனால் அது உண்மைக்கு ஆகாது என்று சொல்லி, செத்தவர், பலன் இல்லாதவர், அளவு மிஞ்சி வாந்தியெடுத்தவர் என்று 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

அவர் கொடுத்தது இலைப்பொடி. வேரின் வீரியம் ஒரே மாதிரி இருக்காது என்று, பூ வெளிவரும் பருவத்தில் இலையைப் பறித்து உலர்த்திப் பொடித்தார். பொடி, பச்சை இலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக நிற்கும். பெரியவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிரெயின், தினம் இரண்டு வேளை. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். இன்றைய டிஜாக்சின் அதே குலத்தில் இன்னொரு செடியிலிருந்து 1930-இல் பிரித்தெடுத்த சரக்கு. ஒரு மாத்திரையில் 0.25 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் கால் பங்கு. மீதியெல்லாம் மாவு. இவ்வளவு சின்ன அளவில் வேலை செய்கிற மருந்து, இரண்டு மடங்கானால் என்ன செய்யும் என்பதைத்தான் நான் பார்த்தேன்.

சரி, அவர் சொன்ன விதி இதுதான்: கொஞ்சமாகக் கொடு, இடைவெளி விட்டுக் கொடு. சிறுநீர், வயிறு, நாடி, குடல் இந்த நாலில் ஒன்றில் மருந்தின் வேலை தெரிகிற வரைக்கும் கொடு. எதில் முதலில் தெரிந்தாலும் உடனே நிறுத்து. அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்றும் எழுதியிருக்கிறார்: குமட்டல், வாந்தி, பேதி, தலைசுற்றல், கண் குழம்பிப் பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரிவது, நாடி நிமிடத்துக்கு 35 வரைக்கும் இறங்குவது, அப்புறம் சாவு. எங்கள் திண்ணையில் நடந்ததை 1785-லேயே ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்றைக்கு யாரும் அவர் மாதிரி விட்டு விட்டுக் கொடுப்பதில்லை. தொடர்ந்து கொடுக்கிறார்கள். ஆனால் நாலு இடத்தையும் பார்க்கிற பழக்கம் இன்றும் செல்லும். வீட்டுக்குத் திரும்பியதும் அதற்காக ஒரு ஏற்பாடு செய்தேன்.

தினசரிக் காலண்டர் ஒன்று போதும். நோட்டு வைத்தால் தொலையும். காலண்டர் சுவரில் ஆணியிலேயே தொங்கும். ஒவ்வொரு தாளிலும் எடை, நாடி, சாப்பாடு மூன்றும் எழுத வேண்டும். தாளைக் கிழித்தபின் எறியாமல், பழைய மளிகைக்கடையில் பில் குத்திவைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கம்பியில் குத்திவைக்கிறோம். தோட்டத்து வேலைக்கு வருகிற அக்காவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது, எண் மட்டும் நன்றாக எழுதுவார். பசி இருந்தால் ஒரு கோடு, இல்லாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. அது போதும்.

காலண்டரிலேயே மாத்திரையும் இருக்கும். அமுச்சிக்கு டிஜாக்சின் வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. நம் பக்கம் நிறையப் பேருக்கு இப்படித்தான் எழுதுகிறார்கள். அட்டையைக் கத்தரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை அந்தந்தத் தாளில் ஒரு மாத்திரையை டேப் போட்டு ஒட்டிவிடுவேன். தாளில் இல்லை என்றால் போட்டாகிவிட்டது. “போட்டனா போடலையா” என்கிற சந்தேகமே வராது. மறந்துபோன மாத்திரையை மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. ஒரே கடையில் வாங்குங்கள், பெயர் மாறி வந்தால் அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை வாசியுங்கள். பேரன் பேத்தி வருகிற வீடாக இருந்தால் காலண்டரை உயரத்தில் மாட்டுங்கள், குழந்தைக்குச் சில மாத்திரையே உயிராபத்து.

எடை பார்ப்பதற்கு நேரம் உண்டு. காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு, காபி குடிப்பதற்கு முன். தினமும் அதே மாதிரி சேலையோடு. சாளையில் தரை சமமாக இருக்காது. எங்கள் மிஷின் முதல் வாரம் ஒரு நாள் 46, மறுநாள் 49 என்று காட்டி என்னைப் பயமுறுத்தியது. அப்புறம் ஒரு கடப்பாக்கல் துண்டைப் பதித்து அதன்மேல் வைத்தோம். நீர் கோப்பது காலில் தெரிவதற்கு முன்பே எடையில் தெரிந்துவிடும், ஏனென்றால் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். விதரிங்கிடம் எடை மிஷின் இருந்ததாகத் தெரியவில்லை, அவர் வயிற்றையும் காலையும் கையால் அழுத்திப் பார்த்தார். அதையும் விட்டுவிடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்தி எடுத்தால், நீர் இருந்தால் குழி நிற்கும். எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்றும் கேளுங்கள். ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போனால் நுரையீரலில் நீர் ஏறுகிறது என்று அர்த்தம்.

நாடியை மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கும் வேலையெல்லாம் தாறுமாறான நாடியில் ஆகாது. பி.பி. மிஷின் காட்டும் எண்ணும் இவர்களுக்குச் சமயத்தில் தடுமாறும். 60-க்குக் கீழே போனால் அன்றைய மாத்திரையைத் தாளிலேயே விட்டுவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: பல வருசமாகத் தாறுமாறாக ஓடிய நாடி திடீரென்று கடிகாரம் மாதிரி ஒழுங்காகவும் மெதுவாகவும் ஓடினால், குணமாகிவிட்டது என்று சந்தோசப்படாதீர்கள். டிஜாக்சின் மிஞ்சியதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

பசி. இரண்டு எழுத்தில் இதைவிட முக்கியமான குறிப்பு காலண்டரில் இல்லை. அரிசிம்பருப்புச் சாதத்தைக் கண்டால் இரண்டு கரண்டி சேர்த்து வாங்குகிறவர் “வேண்டாம்” என்றால், என் மாதிரி அசிடிட்டி மாத்திரையைத் தேடாதீர்கள்.

உப்புதான் பெரிய தகராறு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எனக்கே பழமொழி சொன்னார் அமுச்சி. சமையலில் குறைப்பதை மட்டும் கணக்குப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், உப்புக்கண்டம், மிக்சர், பேக்கரி பன் இவற்றில் வருவதும் நிறைய இருக்கும். கல்லுப்பைக் கையால் அள்ளிப் போடுகிறவருக்கு அளவு சொல்லவே முடியாது. ஆகவே தினமும் காலையில் ஒரு நாளைக்கான தூளுப்பை ஒரு சின்னக் குங்குமச் சிமிழில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அவருடைய சாப்பாடு முழுவதுக்கும் அதுதான், காலி ஆனால் மறுநாள்தான். டாக்டர் சொன்னது அரை டீஸ்பூன். இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை, சீரகம், மிளகு, கொத்தமல்லித்தழை நாலும் சேர்ந்து சமாளித்தன. கொள்ளு ரசத்தில் உப்புக் குறைந்தால் அவ்வளவாகத் தெரிவதில்லை, அரிசிம்பருப்பில் நன்றாகத் தெரிகிறது. உப்புக்குப் பதிலாக விற்கிற “லோ சோடியம்” உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத்தை உடம்பில் பிடித்துவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும் அபாயம். எங்கள் தோப்பு இளநீருக்கும் இதே கதைதான். மறுபக்கம், நீர் போகக் கொடுக்கும் ஃபுரோசிமைடு பொட்டாசியத்தை இறக்கிவிடும், அப்போது அதே டிஜாக்சின் அளவே விசமாகும். அதனால் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினினும் டாக்டர் சொன்ன கணக்கில் பார்த்தே ஆக வேண்டும். டிஜாக்சின் அளவு பார்க்க ரத்தம் கொடுப்பதாக இருந்தால், மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய்யாக ஏறி நிற்கும்.

தண்ணீர் விசயத்தில் விதரிங் தன் காலத்தோடு சண்டை போட்டவர். குடிக்காமல் கிடந்தால் உடம்பு நீர் வற்றிவிடும் என்று அவருடைய நோயாளிகள் நம்பினார்கள். மருந்து வேலை செய்யும்போது தாராளமாகக் குடிக்கச் சொன்னார் அவர். இன்று டாக்டர்கள் ஆளைப் பார்த்து அளவு சொல்கிறார்கள், அமுச்சிக்கு ஒன்றரை லிட்டர், காபி மோர் ரசம் எல்லாம் சேர்த்து. ஆனால் அந்தப் பழைய நம்பிக்கை மட்டும் சாகவில்லை. போன சித்திரையில் வெயில் கொளுத்தியபோது அமுச்சி தானாகவே அரை லிட்டராகக் குறைத்துக்கொண்டார். “தண்ணி குடிச்சாத்தான காலுக்கு எறங்குது?” உடம்பு வறண்டால் சிறுநீரகம் டிஜாக்சினை வெளியேற்றாது, உள்ளேயே தேங்கும். பேதியோ வாந்தியோ வந்த நாளிலும் இப்படித்தான். அன்றைக்கு மாத்திரையைக் கொடுக்கும் முன் போன் செய்யுங்கள். ஃபுரோசிமைடை எப்போதும் காலையில் கொடுங்கள், ராத்திரி கொடுத்தால் இருட்டில் கொல்லைப்புறத்துப் பொடக்காளிக்கு நடந்து விழுவார்கள்.

கடைக்காரி என்ற முறையில் ஒன்று. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். அவை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைக்கும், ஒரே வாரத்தில் காலை வீங்கவைக்கும். என் கடைக்கு வந்து “வலி மாத்திரை குடுங்கம்மிணி” என்று கேட்கிற பெரியவர்களிடம், கால் வீங்குமா, மூச்சு வாங்குமா என்று கேட்காமல் இப்போது நான் கொடுப்பதில்லை. சளிக்குக் கிளாரித்ரோமைசின், படபடப்புக்கு அமியோடரோன் அல்லது வெரபாமில் யாராவது புதிதாக எழுதினால், டிஜாக்சின் சாப்பிடுகிறார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றுமே ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்.

நாட்டு மருந்து என்று யார் எதைக் கொடுத்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஃபாக்ஸ்குளோவ் நம் சமவெளியில் விளையாது. ஆனால் அதே வகை நஞ்சு நம் அரளியிலும் பொன்னரளியிலும் இருக்கிறது, வேலியோரமும் கோயில் நந்தவனத்திலும் நாலுவழிச் சாலையின் நடுவிலும் பூத்துக் கிடக்கிறது. விதரிங்குக்கு முந்தைய கிழவி கொடுத்த மருந்தில் வாந்தியும் பேதியும் பலமாக வந்தன என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கைமருந்துக்கும் இன்றைய மாத்திரைக்கும் நடுவில் இருப்பது பத்து வருச அளவுக் கணக்கு. அரளிக்கு அப்படியொரு கணக்கை யாரும் போட்டு நம் கையில் கொடுக்கவில்லை.

படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துகொண்டால், உதடு நீலம் பாரித்தால், மயங்கி விழுந்தால் காலண்டரையெல்லாம் பார்க்காதீர்கள். 108.

மற்றபடி டாக்டரிடம் போகும்போது கம்பியோடு எடுத்துப் போங்கள். போன தடவை எங்கள் டாக்டர் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். சில தாளைத் தனியாக மடித்தார். எல்லாம் செவ்வாய்க்கிழமை. ஒவ்வொன்றிலும் எடை முந்தின நாளைவிட ஒரு கிலோ பக்கம் ஏறி, வியாழக்கிழமைக்குள் இறங்கியிருந்தது.

“பாட்டி, திங்கக்கிழமை என்ன சாப்பிடறீங்க?”

அமுச்சி என்னைப் பார்த்தார். நான் வேலைக்கார அக்காவைப் பார்த்தேன். அக்கா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

“திங்கக்கெழம சந்தைங்க சாமி. சந்தைக்குப் போய்ட்டு கருவாடு வாங்காம வர முடியுங்களா?”

உப்புச் சிமிழ் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. கருவாடு அதில் சேராது என்பது அவர்கள் இரண்டு பேரின் ஒப்பந்தம். டாக்டர் சிரித்துவிட்டு, மாதத்துக்கு ஒரு தடவை, ராத்திரி முழுக்க ஊறவைத்து மூன்று தண்ணீர் கழுவி, ஒரே ஒரு துண்டு என்று முடிவு பண்ணினார். மாதத்தின் முதல் திங்கள் தாளில் மாத்திரைக்குப் பக்கத்தில் இப்போது “க” என்று எழுதி ஒட்டிவிடுகிறேன்.